எது முதலில் கொதிக்கும்? பூ ஆலையில் பிடிபட்ட ஒரு வழி

மதுரை மல்லியின் வாசனை எண்ணெயில் இருக்கும் பொருள்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பென்சைல் அசிட்டேட், லினலூல், இன்டோல். மூலக்கூறு நிறை வரிசையாக 150, 154, 117. லினலூலில் ஓஹெச் தொகுதி (ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்) உண்டு. இன்டோலில் என்ஹெச் (நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்) உண்டு. பென்சைல் அசிட்டேட்டில் இரண்டுமே இல்லை, அது ஓர் எஸ்டர். மூன்றில் எதற்குக் கொதிநிலை அதிகம், எதற்குக் குறைவு?

என்னிடம் டியூஷனுக்கு வருகிற பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதல் நாளே இந்தக் கேள்வியைக் கொடுத்துவிடுவேன். இதுவரை ஒருத்தர்கூட முதல் தடவையில் சரியாகப் போட்டதில்லை. "ஓஹெச் இருக்குல்லக்கா, ஹைட்ரஜன் பிணைப்பு. லினலூல்தான் மேல" என்று உடனே ஒரு குரல் வரும். "இன்டோல் எடை கம்மி, அதுதான் முதல்ல கொதிக்கும்" என்று இன்னொரு குரல். இரண்டும் தப்பு. விடையை இப்போது சொல்லப் போவதில்லை. கீழே சொல்கிற வழியில் வந்தால் நீங்களே போட்டுவிடுவீர்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி படித்தவள் இல்லை. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, நிலக்கோட்டைப் பக்கம் பூவிலிருந்து வாசனை எடுக்கும் ஆலை ஒன்றில் ஆறு வருடம் லேபில் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு நைட் ஷிப்ட் ஒத்துவரவில்லை. இப்போது சோழவந்தானில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலப் பாடம் நடக்கிறது. மூலக்கூறிடை விசை என்று புத்தகத்தில் இருப்பதைக் கல்லூரியில் படித்து மார்க் வாங்கினேனே தவிர, அது மண்டையில் ஏறியது அந்த ஆலையில் ஹெக்சேன் நாற்றத்துக்கு நடுவே நின்றபோதுதான்.

மல்லிகை மொட்டு காலையில் சந்தைக்கு வருகிறது, விரிவது ராத்திரி. விரிந்தால்தான் வாசம். அதனால் ஆலையில் பூவைப் பரப்பி வைத்து, விரியும்வரை காத்திருந்து, அப்புறம்தான் எக்ஸ்ட்ராக்டரில் போடுவார்கள். மாட்டுத்தாவணியிலும் நிலக்கோட்டையிலும் விலை சரிந்த நாளில் எங்களுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முகூர்த்த நாளில் சும்மா உட்கார்ந்திருப்போம். பூவின் மேல் ஹெக்சேனை ஓடவிட்டால் அது வாசனைப் பொருள்களையும் மெழுகையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு வரும். பிறகு ஹெக்சேனை மட்டும் ஆவியாக்கி எடுத்துவிட்டால் அடியில் மெழுகு மாதிரி ஒன்று தங்கும். அதற்குத் தொழிலில் பெயர் கான்கிரீட். ("பூவுல வீடு கட்டுறாய்ங்களா?" என்று என் மாமியார் கேட்டார்.) அதை எத்தனாலில் கரைத்து மெழுகைப் பிரித்தால் கிடைப்பது அப்சல்யூட்.

இந்தத் தொழில் முழுவதும் நிற்பது கொதிநிலை வித்தியாசத்தின் மேல்தான். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கிறது. நான் சொன்ன மூன்று வாசனைப் பொருளும் 200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ கொதிக்கின்றன. நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் ஒன்றை விரட்டிவிட்டு மற்றதை நிறுத்திவைக்க முடிகிறது. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

கொதிக்கும்போது எது அறுகிறது?

இதைச் சரிசெய்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு மாதத் தேர்வில், தண்ணீர் கொதித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து போகும் என்று எழுதிவைத்தேன். டீச்சர் சிவப்பு மையில் பக்கத்தில் எழுதியிருந்தார்: "அப்ப காப்பி போடுற வீடெல்லாம் வெடிக்கணுமே?"

நீராவியும் தண்ணீர் மூலக்கூறுதான். மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் சகப்பிணைப்பு வேறு. ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பிடித்திருக்கும் பிடி வேறு. மல்லிகைச் சரத்தை உதிர்த்தால் பூப்பூவாகத்தான் உதிரும், இதழ் இதழாக உதிராது. கொதிப்பது என்பது சரத்தை உதிர்ப்பது. எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: ஒரு மோல் ஓஹெச் பிணைப்பை அறுக்கச் சுமார் 463 கிலோஜூல் வேண்டும். ஒரு மோல் தண்ணீரை 100 டிகிரியில் முழுசாக ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுப்பால் நார் மட்டும்தான் அறுகிறது.

ஆகவே கொதிநிலைக் கேள்வி எது வந்தாலும் "பக்கத்துப் பூவோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். உள்ளே இருக்கும் பிணைப்பு ஒற்றையா இரட்டையா, அதன் பலம் என்ன என்பதைப் பதிலில் இழுக்க வேண்டாம். பாதிப்பேர் மார்க்கை விடுவது இங்கேதான்.

இன்னொன்று, அழுத்தம். புத்தகத்தில் இருக்கும் கொதிநிலை எல்லாம் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு உரியவை. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அங்கே திறந்த பானையில் சோறு வேகத் தாமதமாவது அதனால். குக்கருக்குள் 120 வரை போகும். ஆலையில் கடைசிச் சொட்டு ஹெக்சேனை எடுக்க வாக்கம் பம்ப் போட்டு, உள்ளே அழுத்தத்தைக் குறைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே கொதிக்க வைப்பார்கள், வாசனை வெந்து போகக் கூடாது என்று. ஒப்பிடும்போது எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடைதான் முதலில்

ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறதா என்று தேடுவதைக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். முதலில் மூலக்கூறு நிறையைப் பேப்பர் ஓரத்தில் எழுதுங்கள். எல்லா மூலக்கூறுக்கும், விதிவிலக்கே இல்லாமல், ஒரு விசை உண்டு. அதுதான் லண்டன் விசை.

எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு நொடியின் துளிப் பொழுதில் அவை ஒரு பக்கமாக ஒதுங்கினால் மூலக்கூறின் அந்தப் பக்கம் கொஞ்சம் எதிர்மின், மறுபக்கம் கொஞ்சம் நேர்மின். அதைப் பார்த்துப் பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களும் ஒதுங்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டத்துக்குள் நின்றிருக்கிறீர்களா? முன்னால் இருப்பவர் சாய்ந்தால் நாமும் சாய்வோம், நமக்குப் பின்னால் இருப்பவரும் சாய்வார், யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. அந்தச் சாய்வும் ஒட்டலும்தான். 1873-இல் வான் டெர் வால்ஸ் தன் ஆய்வேட்டில் மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு இருந்தாக வேண்டும் என்றார். முனைவே (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்ற நிரந்தரப் பிரிவு) இல்லாத பொருளுக்கு அந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று 1930-இல் குவாண்டம் கணக்குப் போட்டு விளக்கியவர் பிரிட்ஸ் லண்டன். ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர். வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும்.

எலக்ட்ரான் அதிகம் என்றால் சாய்வும் அதிகம். ஹாலஜன்களைப் பாருங்கள், நான்குமே முனைவற்றவை. புளூரின் மைனஸ் 188, குளோரின் மைனஸ் 34, புரோமின் 59, அயோடின் 184. வாயுவில் தொடங்கித் திண்மத்தில் முடிகிறது, வெறும் லண்டன் விசையிலேயே. அயோடின் தண்ணீரையே தாண்டிவிட்டது என்பதைக் கவனியுங்கள். "லண்டன் விசை பலவீனமானது" என்று ஒற்றை வரியில் மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே, அவர்களிடம் இந்த ஒரு எண்ணைக் காட்டினால் போதும். ஒரு நூல் பலவீனம்தான். ஆயிரம் நூல் சேர்ந்தால் தேர்வடம்.

தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். நீள நீளமான சங்கிலிகள், உடம்பு முழுவதும் பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டும். நம் அடுப்பில் அது கொதிக்கவே கொதிக்காது, அதற்கு முன்னாலேயே புகைந்துவிடும். வடை போடும்போது "எண்ணெய் கொதிக்குது" என்கிறோமே, சலசலவென்று கொதிப்பது மாவில் இருக்கும் தண்ணீர்.

எடைக்கு அப்புறம் உருவம். பென்டேனுக்கு மூன்று மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு), மூன்றுக்கும் நிறை 72. நேர்ச் சங்கிலிப் பென்டேன் 36 டிகிரி, ஒரு கிளை உள்ள ஐசோபென்டேன் 28, பந்து மாதிரி உருண்ட நியோபென்டேன் 9.5. முருங்கைக்காயைக் கட்டாக வைத்தால் நீளத்துக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். எலுமிச்சம்பழத்தைக் குவித்தால் ஒரு புள்ளியில்தான் தொடும். கிளை கூடினால் கொதிநிலை குறையும். இதே கணக்கில் தட்டையான வளையங்கள் ரொம்பவே கெட்டி. அப்பளக் கட்டு மாதிரி அடுக்கிக்கொள்ளும். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனுக்கு நிறை 128, கொதிநிலை 218. அதைவிடக் கனமான டெக்கேன், நிறை 142, 174-லேயே கொதித்துவிடும். அப்பளத்தை மறந்துவிடாதீர்கள், மல்லிகைக்குத் திரும்பும்போது வேண்டும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய நாலு எண்கள்

மனப்பாடம் எனக்குப் பிடிக்காது. இந்த நாலை மட்டும் செய்யச் சொல்வேன், ஏனென்றால் நாலுக்கும் எடை ஏறக்குறைய ஒன்றே. புரோப்பேன் 44, டைமெத்தில் ஈதர் 46, அசிட்டால்டிஹைடு 44, எத்தனால் 46. கொதிநிலை: மைனஸ் 42, மைனஸ் 25, 20, 78.

எடை சமம் என்பதால் லண்டன் விசையும் ஏறக்குறைய சமம். அப்படியென்றால் இந்த ஏற்றம் முழுவதும் மற்ற விசைகளால்தான். புரோப்பேனுக்கு முனைவு கிட்டத்தட்ட இல்லை. ஈதருக்குக் கொஞ்சம் உண்டு. ஆல்டிஹைடில் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் நன்றாக இழுத்துக்கொள்வதால் நிரந்தரமான இருமுனை. எத்தனாலுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு. ஈதருக்கும் எத்தனாலுக்கும் அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றுதான்; ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும் இடம் மாறியதில் 103 டிகிரி வித்தியாசம்!

இருமுனை விசையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உருவம் சமச்சீராக இருந்தால் முனைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுபோகும், அதை மட்டும் பாருங்கள். ஆனால் ஒரு பொறி உண்டு. குளோரோபார்ம் முனைவுள்ளது, கார்பன் டெட்ராகுளோரைடு முனைவற்றது. எது மேலே? குளோரோபார்ம் 61, டெட்ராகுளோரைடு 77. முனைவே இல்லாதது ஜெயித்துவிட்டது, காரணம் கூடுதலாக ஒரு குளோரின் கொண்டுவந்த எலக்ட்ரான்கள். எடையை முதலில் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

ஹைட்ரஜன் பிணைப்பு: யாருக்கு உண்டு, எத்தனை கை

நைட்ரஜன், ஆக்சிஜன், புளூரின் மூன்றில் ஒன்றோடு நேரடியாக ஒட்டிய ஹைட்ரஜன் வேண்டும். எதிரே நிற்கும் மூலக்கூறின் நைட்ரஜன், ஆக்சிஜன் அல்லது புளூரினில் தனித்த எலக்ட்ரான் இரட்டை வேண்டும். இரண்டும் இருந்தால்தான் முடிச்சு விழும். "நேரடியாக" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். அசிட்டோனில் ஆக்சிஜனும் உண்டு, ஹைட்ரஜனும் உண்டு, ஆனால் ஹைட்ரஜன் எல்லாம் கார்பனோடு. தனக்குள் அதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது.

கேஸ் கசிந்தால் நாற்றம் அடிக்கிறதே, அது கேஸின் நாற்றம் இல்லை. புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் வாசனை இல்லாததால் எச்சரிக்கைக்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளி கலக்கிறார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வைத்தால் எத்தில் மெர்காப்டன். நிறை 62, எத்தனாலைவிடக் கனம். கொதிநிலை? 35 டிகிரிதான். எத்தனாலுக்கோ 78. கந்தகம் எலக்ட்ரானை அவ்வளவாக இழுக்காததால் முடிச்சு சரியாக விழவில்லை.

இதையே வரிசையாகப் பார்க்கலாம். ஹைட்ரஜன் டெல்லூரைடு மைனஸ் 2, செலினைடு மைனஸ் 41, சல்பைடு மைனஸ் 60. எடை குறையக் குறைய இறங்கிக்கொண்டே வருகிறது. அடுத்துத் தண்ணீர். இதே சரிவில் போயிருந்தால் தண்ணீர் மைனஸ் 80 வாக்கில் கொதித்திருக்க வேண்டும், பூமியில் ஆறு என்ற ஒன்றே இருந்திருக்காது. கொதிப்பதோ 100-இல். (வைகை வறண்டு கிடப்பதற்கு மட்டும் ஹைட்ரஜன் பிணைப்பைக் குறை சொல்ல முடியாது.)

"அப்ப ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தா அதுதான் மேல வரும்" என்று இங்கே முடிவுகட்டிவிடுவார்கள். அடுத்த வரிசையில் அகப்பட்டுக்கொள்வார்கள். பாஸ்பீன் மைனஸ் 88, ஆர்சைன் மைனஸ் 62, அம்மோனியா மைனஸ் 33, ஸ்டிபைன் மைனஸ் 17. அம்மோனியா முதலிடத்தில் இல்லை! கனமான ஸ்டிபைன் வெறும் எடையால் மேலே போய்விட்டது. ஏன் தண்ணீரால் முடிந்தது அம்மோனியாவால் முடியவில்லை? நைட்ரஜன் ஆக்சிஜன் அளவுக்கு இழுக்காது. அதோடு, கையை எண்ணிப் பாருங்கள். தண்ணீரில் கொடுக்க இரண்டு ஹைட்ரஜன், வாங்க இரண்டு எலக்ட்ரான் இரட்டை. கணக்குச் சரி, ஒரு மூலக்கூறைச் சுற்றி நாலு முடிச்சு. அம்மோனியாவில் கொடுக்க மூன்று, வாங்க ஒன்றுதான். ஹைட்ரஜன் புளூரைடில் தலைகீழ்: கொடுக்க ஒன்று, வாங்க மூன்று. அதனால்தான் தனி முடிச்சு தண்ணீரைவிடப் பலமாக இருந்தும் ஹைட்ரஜன் புளூரைடு 19.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. முடிச்சின் பலமும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும்.

எண்ணிக்கைக்கு நான் காட்டுவது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கிளிசரின். மூன்று கார்பன் உள்ள புரோப்பேன் மைனஸ் 42. அதில் ஒரு ஓஹெச் வைத்தால் புரோப்பனால், 97. இரண்டு வைத்தால் புரோப்பிலீன் கிளைக்கால், 188. மூன்றும் வைத்தால் கிளிசரின், 290. எடையும் கூடவே ஏறுகிறதுதான், ஆனால் பாய்ச்சலைப் பாருங்கள். பாட்டிலைச் சாய்த்தால் அது சோம்பேறித்தனமாக இறங்கும் அழகே சொல்லிவிடும், உள்ளே எவ்வளவு முடிச்சு என்று.

எவர்சில்வர் தட்டுப் பரிசோதனை

சாயங்காலக் காற்றில், மொட்டைமாடியில் செய்யுங்கள். பக்கத்தில் தீ, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. ஓர் எவர்சில்வர் தட்டில் ஒரே அளவுச் சொட்டாக நாலு வையுங்கள்: நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் (லேபிளைப் பார்த்து வாங்குங்கள், அசிட்டோன் இல்லாததும் விற்கிறது), சர்ஜிக்கல் ஸ்பிரிட், தண்ணீர், தேங்காய் எண்ணெய். அசிட்டோன் கண்ணெதிரே சுருங்கிப் போய்விடும். அடுத்து ஸ்பிரிட். தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். எண்ணெய்ச் சொட்டு மறுநாள் காலையிலும் அங்கேயே இருக்கும். இது ஆவியாதல்தான், கொதித்தல் இல்லை. ஆனாலும் பிடி தளர்ந்தது முதலில் ஓடும் என்பது இரண்டுக்கும் பொது. தட்டின் அடியில் கை வைத்துப் பாருங்கள், அசிட்டோன் இருந்த இடம் சில்லென்று இருக்கும்; ஓடிப்போவதற்கு வேண்டிய வெப்பத்தை அது தட்டிடமிருந்து எடுத்துக்கொண்டது.

போன வருடம் இதைச் செய்தபோது என் அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, அசிட்டோன் எடை 58. தண்ணி 18. எடைதான் முதல்லன்னு சொன்னீங்க, இங்க லேசானது ஜெயிச்சிருச்சே?" நல்ல கேள்வி. அன்றைக்கு அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இப்போது எல்லோருக்கும் விதியாகச் சொல்கிறேன். எடை முதலில் என்றால் எடை எப்போதும் ஜெயிக்கும் என்று அர்த்தம் இல்லை. முதலில் எழுதிப் பார்த்தால்தான் எது யாரோடு மோதுகிறது என்று தெரியும். எடை ஏறக்குறைய சமமாக இருந்தால் முனைவும் ஹைட்ரஜன் பிணைப்பும் முடிவு செய்யும். எடை எக்கச்சக்கமாக வேறுபட்டால், அயோடின் மாதிரி, எடை முடிவு செய்யும். நடுவில் இருந்தால் கையை எண்ணு. தண்ணீருக்கு நாலு கை, அசிட்டோனுக்குத் தன் ஆள்களோடு ஒன்றுகூட இல்லை.

ஒளிந்துகொண்ட ஓஹெச், தன்னையே பிடித்துக்கொண்ட ஓஹெச்

ஓஹெச் இருந்தும் பிரயோஜனம் இல்லாத இடங்கள் உண்டு. நேர்ச் சங்கிலிப் பியூட்டனால் 118 டிகிரி. அதே அணுக்கள் உள்ள மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் 82. ஓஹெச்சைச் சுற்றி மூன்று மெத்தில்கள் வேலி போட்டதால் பக்கத்து மூலக்கூறால் சுலபமாக நெருங்க முடியவில்லை. போதாததற்கு உருவமும் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது.

நைட்ரோபீனாலில் வேடிக்கை வேறு மாதிரி. ஆர்த்தோவில் ஓஹெச்சும் நைட்ரோவும் பக்கத்துப் பக்கத்து இடத்தில். தன் கையைத் தானே கோத்துக்கொண்டு நிற்கும், பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டக் கை மிச்சம் இல்லை. பாராவில் இரண்டும் எதிரெதிர் மூலை, அதனால் மற்ற மூலக்கூறுகளோடுதான் கோக்க முடியும். ஆர்த்தோ 216, பாரா 279. நேர்மாறாக அசிட்டிக் அமிலம்: இரண்டிரண்டாக, இரு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்ளும். நிறை 60-தான், 118-இல் கொதிக்கிறது. அதே 60 உள்ள புரோப்பனால் 97.

வீட்டில் தலைவலித் தைலம் இருந்தால் அதிலும் ஒரு ஜோடி இருக்கிறது. யூகலிப்டஸ் எண்ணெயின் சினியோல், நிறை 154, ஈதர் வகை, 176 டிகிரி. மென்தால், நிறை 156, ஓஹெச் உண்டு, 212 டிகிரி. ஈதரும் எத்தனாலும் போட்ட அதே சண்டை. ஆனால் வித்தியாசம் 103 இல்லை, 36தான். மூலக்கூறு பெரிதாக ஆக ஆக ஓஹெச்சின் பங்கு மொத்தத்தில் சிறுத்துப்போகிறது.

பேப்பரில் எழுதும்போது

"எத்தனாலின் கொதிநிலை டைமெத்தில் ஈதரைவிட அதிகம், ஏன்?" என்று கேட்டால், "ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதால்" என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நிறை 46, ஆகவே லண்டன் விசை ஏறக்குறைய சமம். எத்தனாலில் ஆக்சிஜனோடு நேரடியாக ஒட்டிய ஹைட்ரஜன் இருப்பதால் மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. ஈதரில் அப்படி ஒரு ஹைட்ரஜன் இல்லாததால் வலுக் குறைந்த இருமுனை விசையும் லண்டன் விசையும் மட்டுமே. பிரிக்க அதிக ஆற்றல் தேவைப்படுவதால் எத்தனாலுக்கு 351 கெல்வின், ஈதருக்கு 248 கெல்வின். சமமாக இருப்பது எது, மாறுவது எது, அதனால் ஆவது என்ன, மூன்றும் வந்துவிட்டன. கெல்வினில் கேட்டால் செல்சியஸோடு 273 கூட்டுங்கள். மைனஸ் இருந்தால் கழியும், அவசரத்தில் நிறையப் பேர் கூட்டிவிடுகிறார்கள். "மூலக்கூறுகளுக்கு இடையே" என்ற வார்த்தையை விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் பிணைப்பைச் சொல்கிறீர்கள் என்று திருத்துபவர் நினைக்க இடமுண்டு.

சரி, மல்லிகை

பென்சைல் அசிட்டேட் 150, லினலூல் 154. எடை சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். லினலூலின் ஓஹெச் மூவிணைய வகை, வேலிக்குள் ஒளிந்த ஓஹெச். உடம்போ கிளைவிட்ட சங்கிலி. பென்சைல் அசிட்டேட்டில் ஒரு தட்டை வளையம், அதாவது அப்பளம். கூடவே முனைவுள்ள எஸ்டர் தொகுதி. ஆகவே லினலூல் 198, பென்சைல் அசிட்டேட் 212. ஓஹெச் தோற்றுவிட்டது.

இன்டோல் எடையில் 117தான். ஆனால் உருவம் முழுவதுமே தட்டை, இரண்டு வளையம் ஒட்டியது, நாப்தலீன் மாதிரி. நாப்தலீனே 128 எடையில் 218-இல் கொதிக்கும் என்று பார்த்தோம். இன்டோல் அதைவிடக் கொஞ்சம் லேசு, ஆனால் முனைவு உண்டு, வேலி எதுவும் இல்லாமல் வெளியே நீட்டிய என்ஹெச் உண்டு. 254 டிகிரி. மூன்றில் லேசானது முதலிடத்தில்.

ஆலையில் நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு ராத்திரி வாக்கம் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஹெக்சேன் இறங்கவில்லையே என்று யாரோ சூட்டை ஏற்றிவிட்டார்கள், பம்பைப் பார்க்காமல். விடிகாலை லேபுக்குச் சாம்பிள் வந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. மேலே நிற்க வேண்டிய அந்த லேசான, பச்சையான வாசம் இல்லை. அடியில் கிடப்பது மட்டும் கனமாக வந்தது, அந்துருண்டையும் மாட்டுத்தொழுவமும் கலந்த மாதிரி. இன்டோல் அடர்ந்தால் அப்படித்தான் அடிக்கும். அளவாக இருந்தால் அதுவே மல்லிகை. டிரம்மைத் தனியாக ஒதுக்கி வைத்தோம். லேப் நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே என் கையெழுத்தில் ஒரே வரிதான் இருக்கும்: லினலூல் போய்விட்டது, இன்டோல் இருக்கிறது.